பிக்சல் பொம்மை: உடம்பு இரவல், உடை சொந்தம்

கேள்வி இதுதான்: "பிக்சல் பொம்மை செய்வதைப் பொழுதுபோக்காகத் தொடங்கியிருக்கிறேன். எனக்கு வரையத் தெரியாது. கையில் இருப்பது ஒரு பழைய லேப்டாப்பும் மவுஸும்தான். இணையத்தில் கிடைத்த ஒரு பெண் உருவத்தை எடுத்து அதற்குப் பாவாடை சட்டை போட்டு இன்ஸ்டாகிராமில் ஏற்றினேன். படம் கலங்கலாகத் தெரிகிறது. போதாததற்கு 'இது திருட்டு பேஸ்' என்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நான் செய்தது தப்பா? எப்படி ஒழுங்காகக் கற்றுக்கொள்வது?"

திருட்டு என்ற சொல்லை முதலில் தீர்த்துவிடுவோம். அது உறுத்திக்கொண்டே இருந்தால் மவுஸைத் தொட மனசு வராது. பிக்சல் பொம்மை என்பது திரையில் புள்ளி புள்ளியாக வைத்துச் செய்யும் சின்ன ஆள் உருவம், பேஸ் என்பது அதன் உடையில்லாத உடம்பு. இன்னொருவர் வரைந்த அந்த உடம்பை எடுத்து உடை போட்டதில் தப்பே இல்லை. இந்தக் கலை பிறந்ததே அப்படித்தான். அந்த உடம்பு யாருடையது என்று எழுதாமல் விட்டீர்கள், அவர் போட்டிருந்த நிபந்தனைகளைப் படிக்காமல் விட்டீர்கள். பிசகு அவ்வளவுதான். ஆனால் பொம்மை செய்கிறவர்கள் மத்தியில் அது சின்னப் பிசகு இல்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1995-ல் 'தி பேலஸ்' என்று ஒரு அரட்டை மென்பொருள் வந்தது. டைம் வார்னர் நிறுவனத்தில் ஜிம் பம்கார்ட்னர் என்பவர் உருவாக்கியது. அதுவரை அரட்டை என்றால் வெறும் எழுத்து வரிகள். இதில் அறைக்குள் படமாகவே போய் நிற்கலாம். ஒரு அறையின் வழக்கமான அளவு 512-க்கு 384 புள்ளி (பிக்சல்). உள்ளே நுழைகிற எல்லோருக்கும் முதலில் ஒரு உருண்டைச் சிரிப்பு முகம் கிடைக்கும். அதன்மேல் தொப்பி, மீசை, கண்ணாடி என்று எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். அந்தத் துண்டுக்கு 'ப்ராப்' என்று பெயர். ஒரு ப்ராப் 44-க்கு 44 புள்ளி. ஒருவர் ஒரே சமயத்தில் 9 ப்ராப் வரை அணியலாம். மக்கள் சும்மா இருப்பார்களா? முகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தத் துண்டுகளையே அடுக்கி முழு ஆள் உருவம் செய்ய ஆரம்பித்தார்கள். மூன்றை மேலே மேலே அடுக்கினால் 132 புள்ளி உயரம். பழைய பொம்மைகள் எல்லாம் திரையில் கட்டைவிரல் உயரத்துக்கு மேல் போகாததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அந்த அளவுக்குள் ஒரு மனித உடம்பை நம்பும்படி வரைவது லேசான காரியம் இல்லை. ஆகவே நன்றாக வரைந்த ஒருவரின் உருவத்தை மற்றவர்கள் வாங்கி, தலைமுடியை மாற்றி, உடையை மாற்றித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். உடையில்லாத அந்த மூல உருவத்துக்குத்தான் 'பேஸ்' என்று பெயர் வந்தது. பிறகு பொம்மைகள் அரட்டை அறையை விட்டு வெளியேறித் தனியாட்களின் இணையப் பக்கங்களுக்கு வந்தன. 2000-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் பள்ளி, கல்லூரிப் பெண்பிள்ளைகள் நடத்திய பொம்மைப் பக்கங்கள் மேற்கத்திய இணையம் முழுக்கக் கொட்டிக்கிடந்தன. 'டால்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை மாற்றி இசட் போட்டு எழுதுவதுதான் அன்றைய மோஸ்தர். ப்ரெப், திவா, வொண்டர்கின் என்று பேஸுக்கு ஏற்றபடி சாதிப்பெயர் மாதிரி பெயர்களும் இருந்தன.

உடை மாற்றி விளையாடும் ஆசைக்கு இதைவிட வயது அதிகம். 1810-லேயே லண்டனில் ஃபுல்லர் என்ற பதிப்பகத்தார் உடை மாற்றும் காகிதப் பொம்மையை அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். கணினியில் என்று பார்த்தாலும், ஜப்பானில் 1991-லேயே 'கிஸெகாயே' என்ற உடைமாற்றுப் பொம்மை மென்பொருள் வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கே உடை மாற்றுவது என்றுதான் பொருள். அந்த வழியில் வந்தவைதான், தயாராக வரைந்து வைத்த உடைகளை இழுத்து இழுத்துப் போடும் 'டால்மேக்கர்'கள். இன்றைக்குப் பிக்ரூ மாதிரி தளங்களில் செய்வதும் அதுதான். நன்றாகப் பொழுது போகும், குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் இறங்கியிருப்பது வேறு துறை. பேஸ் மட்டும் பிறருடையது, அதன்மேல் விழும் ஒவ்வொரு புள்ளியும் உங்கள் கை வைத்தது. ஆங்கிலத்தில் இதை 'டாலிங்' என்பார்கள்.

இப்போது திருட்டுக்கு வருகிறேன். சொல்ல வெட்கம்தான்: என் முதல் பொம்மையின் கூந்தல் திருட்டு.

2003-ல், எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில், மணிக்கு 20 ரூபாய் கொடுத்து உட்கார்ந்து செய்தது. துணி மடிப்பு ஓரளவு வந்தது, முடி மட்டும் வரவே இல்லை. கறுப்புக் குல்லா போட்ட மாதிரி இருந்தது. வேறொரு பெண்ணின் பொம்மையிலிருந்து பின்னலை மட்டும் வெட்டி என் பொம்மையின் தலையில் ஒட்டினேன், பழுப்பைக் கறுப்பாக்கினேன், ஒரு இலவசப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். பத்து நாளில் மின்னஞ்சல் வந்தது. "பின்னலின் மூன்றாவது வளைவில் நான் ஒரு புள்ளியைத் தவறாக வைத்துவிட்டேன், உங்கள் பொம்மையிலும் அது அதே இடத்தில் இருக்கிறது" என்று எழுதியிருந்தார். திட்டவே இல்லை. அதுதான் ரொம்ப வலித்தது. அன்றைக்கே எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

இப்படி ஒரு பொம்மையின் முடி, இன்னொன்றின் சட்டை, மூன்றாவதன் செருப்பு என்று வெட்டி ஒட்டுவதற்கு 'ஃபிராங்கன்டால்' என்று கேலிப்பெயர் உண்டு. பேஸ் எடுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இப்போது புரியும். பேஸை அதன் சொந்தக்காரர் 'எடுத்துக்கொள்' என்று தானே வெளியில் வைக்கிறார். உடையையும் முடியையும் அப்படி யாரும் வைப்பதில்லை, அவர் உட்கார்ந்து செய்த வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது. பேஸ் கொடுப்பவரும் சும்மா கொடுப்பதில்லை, நிபந்தனை எழுதியிருப்பார். பெயர் போடு, என் பக்கத்துக்கு இணைப்புக் கொடு, கைகாலை வெட்டி மாற்றாதே, விற்காதே என்பவை சாதாரணமாக இருக்கும். சிலர் தோல் நிறத்தை மாற்ற விடுவார்கள், சிலர் விடமாட்டார்கள். படிக்க ஒரு நிமிடம் ஆகும். நிபந்தனையே எழுதாமல் எங்கோ அனாதையாகக் கிடக்கிற பேஸைத் தொடாதீர்கள். பெரும்பாலும் அது யாரோ எங்கிருந்தோ எடுத்து வந்து போட்டதாகத்தான் இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

மவுஸ்தான் இருக்கிறது என்று வருத்தப்படாதீர்கள். இந்த வேலைக்கு மவுஸ் போதும், என்னைக் கேட்டால் திரையில் எழுதும் ஸ்டைலஸ் பேனாவைவிட நல்லது. ஒவ்வொரு புள்ளியாகச் சொடுக்கி வைக்கப்போகிறீர்கள், கோடு இழுக்கப் போவதில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் விண்டோஸோடு வரும் எம்எஸ் பெயிண்டில்தான் செய்தோம். ஆனால் இப்போது தொடங்குகிறவருக்கு அதைச் சொல்லமாட்டேன். அதில் அடுக்கு (ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியே வரைய உதவும் லேயர்) இல்லாமலே பழகினவர்கள் நாங்கள், உங்களுக்கு என்ன தலையெழுத்து? உலாவியிலேயே ஓடும் பிஸ்கெல் இலவசம், அடுக்குகள் உண்டு, அசைவும் செய்யலாம். பழைய லேப்டாப்பையும் சோதிக்காது. கொஞ்சம் பழகினபின் லிப்ரேஸ்ப்ரைட் போடலாம், அதுவும் இலவசம். காசு செலவழிக்கத் தயார் என்றால் ஏஸ்ப்ரைட். கிம்ப் ஏற்கெனவே இருந்தால் அதிலும் செய்யலாம், ஆனால் பிரஷை விட்டுவிட்டுப் பென்சிலை மட்டும் எடுங்கள். பிரஷ் ஓரத்தை மழுப்பிவிடும்.

அடியில் பேஸ் ஒரு அடுக்கு, அதன்மேல் உடை ஒரு அடுக்கு, அதற்கும் மேல் முடி. பேஸ் அடுக்கைப் பூட்டிவிடுங்கள். 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஒரு புள்ளி அளவுப் பென்சில். பக்கத்திலேயே 100 சதவீதத்தில் இன்னொரு சன்னல் திறந்திருக்கட்டும். பெரிதாக்கிய இடத்தில் அசிங்கமாகத் தெரிவது உண்மை அளவில் பட்டுத்துணியாக இருக்கும். அங்கே அழகாக இருந்தது இங்கே அழுக்காகவும் தெரியலாம்.

முதலில் வெளிக்கோடு. இங்கேதான் எல்லோருக்கும் படிக்கட்டு விழும். வளைவு சீராக வருகிறதா என்று கண்ணால் பார்ப்பதைவிட எண்ணிப் பார்ப்பது நல்லது. பாவாடையின் ஓரம் கீழே இறங்கி வளைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையாக 4 புள்ளி, அடுத்த வரியில் 3, அடுத்து 2, அப்புறம் 1, 1, பிறகு நெட்டுக்குத்தாக 2, 3, 4 என்று போனால் கண் வழுக்கிக்கொண்டு போகும். 4, 1, 3, 2 என்று வைத்தால் அதே வளைவு எலி கடித்த மாதிரி இருக்கும். புள்ளிக்கோலம் போட்டவர்களுக்கு இந்த எண்ணுகிற பழக்கம் எளிதாக வரும். வெளிக்கோட்டுக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம், உடையின் நிறத்திலேயே மிக அடர்ந்ததை எடுங்கள்.

அடுத்தது நிறம். தொடக்கக்காரர் செய்யும் பெரிய தப்பு, ஒரே நிறத்தில் கறுப்பைக் கலந்து நிழலும் வெள்ளையைக் கலந்து வெளிச்சமும் எடுப்பது. துணி சாம்பல் பூசிய மாதிரி செத்துப்போகும். நிழலுக்குப் போகப் போக நிறம் ஒரு பக்கமாகவும், வெளிச்சத்துக்கு வர வர இன்னொரு பக்கமாகவும் சாய வேண்டும். அரக்குப் பாவாடை ஒன்றுக்கு நான் வைத்திருக்கும் ஐந்து நிறங்களைத் தருகிறேன், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்: 74, 16, 42. அடுத்து 122, 27, 49. நடு நிறம் 168, 45, 56. வெளிச்சப் பக்கம் 205, 84, 70. உச்சி வெளிச்சம் 236, 140, 104. அடியில் கத்தரிப்பூ வாடை, மேலே போகப் போக ஆரஞ்சு. இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், துணியே தெரியும். ஐந்துக்கு மேல் வேண்டாம். 132 புள்ளி உயரத்தில் பத்துச் சாயல் வைத்தாலும் கண் பிரித்துப் பார்க்காது, வேலைதான் மிச்சம்.

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முன்னாலேயே முடிவு செய்யுங்கள். பேஸ் வரைந்தவர் உடம்பில் ஏற்கெனவே நிழல் வைத்திருப்பார், அதைப் பார்த்து அதே பக்கம் வையுங்கள். உடம்புக்கு இடப்பக்க வெயில், பாவாடைக்கு வலப்பக்க வெயில் என்று நிற்கும் பொம்மைகள் ஏராளம். இன்னொரு கெட்ட பழக்கம், ஓரம் முழுக்க இருட்டாகவும் நடுவில் மட்டும் வெளிச்சமாகவும் நிரப்புவது. தலையணை நிழல் என்று இதைச் சொல்வார்கள். கால் இருக்க வேண்டிய இடத்தில் தலையணை தொங்கும்.

மடிப்பு எப்போதும் பிடிப்பிலிருந்து தொடங்கும். பாவாடைக்கு இடுப்பு, சட்டைக்கு அக்குள், முழுக்கைக்கு முழங்கை. இடுப்பில் ஒரு புள்ளி அகலத்தில் கிளம்பும் இருட்டு, கீழே இறங்க இறங்க விரிந்து, ஓரத்துக்கு வரும்போது அகன்று மங்க வேண்டும். அந்த மடிப்பு முடிகிற இடத்தில் அடி ஓரமும் உள்ளே வளைய வேண்டும். உள்ளே மடிப்பைப் போட்டுவிட்டு அடி ஓரத்தை நேர்கோடாக விட்டால் அட்டையில் வெட்டிய பாவாடைதான். புரியவில்லை என்றால் ஒரு துண்டை ஆணியில் தொங்கவிட்டுப் பாருங்கள், எந்தப் பாடமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

முடிக்கும் அதே கதைதான். முடியிழைகளை ஒவ்வொன்றாக வரையாதீர்கள். மொத்தமாக ஒரு வடிவம், அதற்குள் நாலைந்து கற்றை, தலையின் வளைவில் ஒரு வெளிச்சப் பட்டை. நம்மூர்க் கறுப்பு முடிக்கு வெளிச்சம் நீலத்திலும் வரும், செம்பழுப்பிலும் வரும், சாம்பலில் மட்டும் வேண்டாம். நான் பின்னலைக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆனது. அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு வேறு வழியும் இல்லை.

உங்களுக்குப் புடவை கட்டவும் ஆசை வரும், எனக்கும் வந்தது. முதலில் தடுப்பது பேஸ்தான். பெரும்பாலான பேஸ்கள் ஒரு பக்க இடுப்பை வெட்டிக்கொண்டு, கையை இடுப்பில் ஊன்றி, குட்டைப் பாவாடைக்கென்றே நிற்கும். முந்தானை விழ வேண்டிய பக்கத்தில் கை மடங்கி நின்றால் துணி எங்கே விழும்? இரண்டு கையும் தொங்கும் பேஸாகத் தேடுங்கள். கொசுவம் நேராக இறங்கும் ஐந்தாறு பட்டை, ஒவ்வொன்றின் ஒரு ஓரம் இருட்டு, மறு ஓரம் வெளிச்சம். கரை 3 புள்ளி அகலம் போதும். சரிகைக்கு இரண்டு மஞ்சளை மாற்றி மாற்றி வைத்து, நாலைந்து புள்ளிக்கு ஒருமுறை வெள்ளைக்குப் பக்கத்தில் போகும் ஒரு புள்ளி வைத்தால் மின்னும். எல்லாப் புள்ளியிலும் வைத்தால் ஜிகினாத் தாள். புட்டா போடும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. மடிப்பின் இருட்டுக்குள் விழும் பூவைப் பாதியோடு விட்டுவிடுங்கள். முழுப்பூவாகச் சீராக வைத்தால் புடவையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி ஆகும்.

நம் நிறத்துக்குத் தோலை மாற்ற வேண்டுமானால், பேஸ்காரர் அனுமதித்திருந்தால், நிழலைச் செம்மைக்கும் ஊதாவுக்கும் இடையில் கொண்டுபோங்கள். வெளிர்நிறப் பேஸை அப்படியே இருட்டாக்கினால் புகை படிந்த மாதிரி வரும். நான் எடுத்த பழைய பேஸ்களில் மாநிறமாக இருந்தவற்றை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம்.

படம் ஏன் கலங்கலானது? இரண்டு இடத்தில் கோளாறு நடந்திருக்கும். ஒன்று, ஜேபெக்காகச் சேமித்திருப்பீர்கள். ஜேபெக் புகைப்படத்துக்கு ஏற்பட்டது. எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டு விவரத்தைக் குறைப்பதால், கூர்மையான ஓரத்தைச் சுற்றி ஈ மொய்த்த மாதிரிக் கறை விழும். ஒளி ஊடுருவும் பின்புலமும் போய்விடும். ஒருதரம் மூன்று நாள் வேலையை நானே அப்படிச் சேமித்து, ஃப்ளாப்பியில் இருந்த மூலத்தையும் அதே அவசரத்தில் அழித்துவிட்டு, பிரவுசிங் சென்டர் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எப்போதும் பிஎன்ஜி. அசைகிற பொம்மை என்றால் ஜிஃப். 1987-ல் கம்ப்யூசர்வ் நிறுவனம் கொண்டுவந்த ஜிஃப் வடிவத்தில் ஒரு படத்துக்கு 256 நிறம்தான், அது நமக்கு ஏகம். ஆனால் அதில் ஒரு புள்ளி முழுக்கத் தெரியும், இல்லையென்றால் முழுக்க மறையும், நடுவாந்தரம் கிடையாது. வெள்ளைப் பின்னணியில் ஓரத்தை மழுப்பிவிட்டு ஜிஃப் ஆக்கினால், கறுப்புப் பக்கத்தில் போடும்போது பொம்மையைச் சுற்றி வெள்ளைப் பொடுகு தெரியும்.

இரண்டாவது கோளாறு அளவு. 132 புள்ளிப் படத்தை அப்படியே ஏற்றினால் இன்ஸ்டாகிராம் தானே இழுத்துப் பெரிதாக்கி மழுப்பிவிடும். நீங்களே பெரிதாக்கிக் கொடுங்கள், முழு எண் மடங்கில் மட்டும். 132-ஐ 8 மடங்காக்கினால் 1056. அதை 1080-க்கு 1080 வெற்றுப் பரப்பின் நடுவில் வைத்து ஏற்றுங்கள். எட்டரை மடங்கு என்று போனால் சில புள்ளி தடிக்கும், சில புள்ளி மெலியும். கிம்ப்பில் பெரிதாக்கும்போது 'இன்டர்போலேஷன்' என்ற இடத்தில் 'நன்' (None) என்று வைக்க வேண்டும். பிஸ்கெலில் ஏற்றுமதி செய்யும்போதே மடங்கைக் கேட்கும். மூலத்தை மட்டும் சின்ன அளவிலேயே, அடுக்குகளோடு, இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.

எங்கே பகிர்வது என்றால், இன்ஸ்டாகிராமைவிட டீவியன்ட்ஆர்ட்டும் டம்ப்ளரும் பொம்மைக்காரர்களுக்கு ஒத்துவரும். 2000-ல் தொடங்கிய டீவியன்ட்ஆர்ட்டில் பேஸ் வரைந்து கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நிபந்தனையும் அங்கேயே எழுதியிருக்கும். பிறர் பொம்மையைக் காட்ட விரும்பினால் இணைப்புக் கொடுங்கள், படத்தை இறக்கி உங்கள் பக்கத்தில் ஏற்றாதீர்கள். அந்தக் காலத்தில் இதற்கு நேரெதிர்ச் சண்டை நடந்தது. இலவசப் பக்கங்களுக்கு மணிக்கு இவ்வளவுதான் தரவு என்று அளந்து கொடுப்பார்கள். அடுத்தவர் பக்கத்திலிருந்து படத்தை நேராக இழுத்துத் தன் பக்கத்தில் காட்டினால், அந்த அளவு தீர்ந்து மூலக்காரியின் பக்கமே மூடிக்கொள்ளும். பழிவாங்க, மூலக்காரிகள் அதே கோப்புப் பெயரில் படத்தை மாற்றி 'நான் திருடி' என்று எழுதி வைப்பார்கள், இழுத்துக் காட்டியவர் பக்கத்தில் அதுதான் தெரியும். சொந்தப் பக்கத்திலேயே அப்படித் தொங்கிய அப்பாவிகள் உண்டு.

அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. இலவசமாகப் பக்கம் கொடுத்த ஜியோசிட்டீஸ் தளம் 2009 அக்டோபரில் மூடியபோது என் பொம்மைகளில் பாதி அதோடு போயிற்று. உலாவிக்குள் அசைவுகளையும் விளையாட்டுகளையும் ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருளை 2020 கடைசியில் நிறுத்தியதும் இழுத்துப் போடும் டால்மேக்கர்கள் பல படுத்தன. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடினால் கொஞ்சம் கிடைக்கும், பழைய வேலைகளைப் பார்த்துக் கற்க அதைவிட நல்ல இடம் இல்லை. பார்க்க மட்டும்தான், வெட்டி ஒட்ட வேண்டாம்.

இப்போது உங்கள் அந்தப் பதிவு. அழிக்காதீர்கள், அழித்தால் அவர் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். பேஸ் எங்கிருந்து எடுத்தீர்களோ அங்கே போய் நிபந்தனையைப் படியுங்கள். அனுமதி இருந்தால் பதிவைத் திருத்தி, "பேஸ் இன்னாருடையது, உடையும் முடியும் நான் வரைந்தவை" என்று இணைப்போடு எழுதுங்கள். எழுதியவருக்கும் "சுட்டியதற்கு நன்றி, சேர்த்துவிட்டேன்" என்று ஒரு வரி. அனுமதி இல்லை என்றாலோ, மூலம் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றாலோ மட்டும் பதிவை எடுத்துவிட்டு, அதே பாவாடையை நிபந்தனை தெளிவாக உள்ள வேறொரு பேஸுக்கு மாற்றிப் போடுங்கள். இடுப்பு அளவு ஒத்துவராது, மேலே இரண்டு மூன்று வரியைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேர வேலை.